ராஜராஜன் பேரில் ஒரு பொருள்: எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் சித்திரையில் கும்பகோணம் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு கேட்டான். "மாமா, அங்க வீட்டு ஹால்ல வைக்க ராஜராஜ சோழன் சம்பந்தமா ஒரு பொருள் வேணும். ஒரிஜினலா இருக்கணும். இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் போகலாம்."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினான். யாரோ அனுப்பிய படங்கள். பச்சைக் களிம்பு ஏறிய ஒரு சாண் நடராஜர், வெள்ளி வேலைப்பாட்டுத் தட்டு ஒன்று, ஏழெட்டுச் செப்புக் காசுகள். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே வரி: 'ராஜராஜன் காலத்தது, கேரண்டி'.

"தட்டும் ராஜராஜன் காலமாடா?"

"அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. தஞ்சாவூர்த் தட்டு வேலைப்பாடு தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஆதரித்து வளர்ந்த கலை என்பார்கள். அவர் ஆண்டது 1798 முதல் 1832 வரை. நடுவில் எண்ணூறு வருஷம் காணாமல் போயிருக்கிறது. நம் பக்கத்தில் பழைய பொருள் விற்பவர்களுக்கு இரண்டே ராஜாக்கள்தான். செம்பு, கல் என்றால் ராஜராஜன். தங்கரேக்கு, கண்ணாடிக் கல், வெள்ளி என்றால் சரபோஜி. 1532லிருந்து 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களை யாரும் கேட்பதுமில்லை, விற்பதுமில்லை.

இருபத்து மூன்று வருஷமாகக் காசு சேர்க்கிறேன். ஏமாந்தும் இருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன். ஏமாந்ததில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ராஜாவின் பெயர் பொருளின் மேலேயே இருக்கிறதா, அல்லது விற்பவர் வாயில் மட்டும் இருக்கிறதா? சிலை, சரபோஜி காலப் பொருள், காசு, புதிதாகச் செய்த பொருள் என்று அவன் முன்னால் இருந்த நாலு வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்தோம்.

சிலையை முதலில் தள்ளி வைத்துவிடலாம். அந்த நடராஜரைப் பற்றி அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். விற்கிறவன் சொல்வது உண்மையானால் அது ஏதோ ஒரு கோயிலிலிருந்து திருடிய சாமி. பொய்யானால் உன் பணத்தைத் திருடப் பார்க்கிறான். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக்கூட அந்த ஆளைப் பார்க்கப் போக வேண்டாம்.

திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976ல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1991ல்தான் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008ல் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியது. 2014ல் திருப்பிக் கொடுத்தது. சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரிக்கு 2022ல் பத்தாண்டு சிறை விதித்தது, நம் கும்பகோணம் நீதிமன்றமேதான். ராஜராஜனுடையது, அவன் அரசி லோகமாதேவியுடையது என்று அடையாளம் காணப்பட்ட செப்புத் திருமேனிகளே தஞ்சைப் பெரிய கோயிலை விட்டுப் போய், 2018ல்தான் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பின. ராஜா சிலைக்கே இந்தக் கதி.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், மரச்சிற்பம் எதை வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். 1972ல் போட்ட தொல்பொருள் சட்டம் 1976லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பதிவுச் சான்று இல்லாத 'பழைய' சிலையை யாராவது காட்டினால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். களிம்பெல்லாம் ஒரு சாட்சியே இல்லை. ரசாயனம் தடவி, ஈர மண்ணில் சில மாதம் புதைத்து எடுத்தால் நேற்று வார்த்த சிலைக்கும் ஆயிரம் வயசாகிவிடும்.

"சரி மாமா, சரபோஜி பொருளாவது வாங்கலாமா? அவரும் தஞ்சாவூர் ராஜாதானே" என்றான்.

கேள்வி நியாயமானது. ராஜராஜனை விட சரபோஜி நமக்குக் கிட்டத்து மனிதர். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர். பெரிய கோயிலில் தன் குலத்தின் வரலாற்றை மராத்தியில் நீளக் கல்வெட்டாக வெட்ட வைத்தவர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகக் கடற்கரையில் மனோரா என்ற கோபுரம் எழுப்பியவர். அவர் காலத்துப் பொருள்கள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் என் அளவுகோலில் இங்கேதான் இடிக்கிறது. தட்டிலோ படத்திலோ அவர் பெயர் இருக்காது. 'சரபோஜி காலத்தது' என்பது முழுக்க முழுக்கப் பேச்சு.

நான் ஏமாந்ததும் இதில்தான். ஒரு பழம்பொருள் கடையில் 4,500 ரூபாய் கொடுத்து ஒரு தட்டு வாங்கினேன். நடுவில் கஜலட்சுமி, சுற்றிலும் செம்பும் வெள்ளியுமாகப் பூவேலை, மங்கிய பித்தளை. கடைக்காரர் அரண்மனை, ஏலம், தாத்தா என்று அரை மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து பெருமையாக மாட்டியும் விட்டேன். ஒரு வருஷம் கழித்து, தட்டு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். பின்புறம் முழுக்க மெல்லிய வட்டக் கோடுகள், கிராமபோன் தட்டு மாதிரி. கடைசல் இயந்திரத்தில் விட்ட கோடு. அப்புறம் முன்னால் திருப்பி, லட்சுமியின் மூக்கை விரலால் தடவினார். "இந்த அச்சு எங்க வீட்டுது சார். எங்கப்பா வெட்டினது" என்றார். சிரிக்கக்கூட இல்லை. தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல வேலைப்பாடு, அதில் குறை சொல்ல முடியாது. வாங்கியது தட்டை என்றால் நஷ்டமே இல்லை. நான் வாங்கியது சரபோஜியை அல்லவா!

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் முதுகைத்தான் பார்க்க வேண்டும். பழைய படங்கள் பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவை பூசிச் செய்தவை. பின்னால் பிளைவுட் தெரிந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பலகை பழசாகவே இருந்தாலும் படம் பழசு என்று அர்த்தமில்லை. இடித்த வீட்டுக் கதவுப் பலகையில் புதுப் படம் போடுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே நூறு வருஷம் தாண்டிய ஓவியம் என்றால் மேலே சொன்ன பதிவு விவகாரம் வந்துவிடும், விலையும் அவன் பட்ஜெட்டுக்குள் நிற்காது. புதுப் படம் வேண்டுமானால் புதுசு என்று தெரிந்தே வாங்கலாம், அழகாகவே செய்கிறார்கள். ஆனால் அது எந்த ராஜாவின் பொருளும் இல்லை.

மிச்சம் இருந்தது காசு.

ராஜராஜன் பெயர் போட்ட செப்புக் காசு அபூர்வப் பொருளே அல்ல. இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. நிறைய அடித்தார்கள், நிறையக் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது, ராஜராஜன் படை போய்ப் பிடித்த இலங்கையிலும் கிடைக்கிறது. தேய்ந்த காசு சில நூறு ரூபாய்தான். நான் கடைசியாக வாங்கியது 350. ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் எழுத்து நன்றாகத் தெளிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்களைப் பார்த்துச் சொன்ன விலை.

மேசையில் பழைய வேட்டியை விரித்து ஐந்து காசுகளைப் போட்டேன். ஒரு லென்சும், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சின்ன டிஜிட்டல் தராசும் பக்கத்தில்.

காசின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், எடை நாலு கிராமை ஒட்டி. ஒரு பக்கம் நின்ற உருவம். முகம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு மூக்கும் கண்ணுமாகக் குச்சி மனிதன், இடுப்பிலிருந்து வேட்டி மடிப்புகள் கோடுகோடாகத் தொங்கும், கையில் பூப்போல ஒன்று, பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளிகள், அதற்கு மேல் பிறை. பெரிய கோயில் கட்டியவன் காசில் இவ்வளவு கோணல் மாணலா என்று முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவனும் கேட்டான். மறுபக்கம் உட்கார்ந்த உருவம். அதன் கைக்குக் கீழே மூன்று வரி எழுத்து. தமிழ் இல்லை, நாகரி, இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம். முதல் வரி ஸ்ரீ. இரண்டாவது வரி ராஜ. மூன்றாவது வரியும் ராஜ.

நாகரி படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. கீழ் இரண்டு வரிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியது போல இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அப்படி இருந்தால் ராஜராஜன்.

இல்லாவிட்டால்? இங்கேதான் அடுத்த குழி. சோழர் போன பிறகு இலங்கை மன்னர்கள் இதே அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். அதே நின்ற ஆள், அதே உட்கார்ந்த ஆள். பராக்கிரமபாகு காசில் எழுத்து நெருக்கமாக இருக்கும், வரிக்கு வரி வேறாக இருக்கும். லீலாவதி என்ற அரசி போட்டது இன்னும் ஏமாற்றும். ஸ்ரீ, ராஜ என்றே தொடங்கி அப்புறம்தான் லீலாவதி வரும். பாதி தேய்ந்திருந்தால் நம் ஆள் என்றே தோன்றும். ஆரம்பத்தில் நான் 'ராஜராஜன்' என்று வாங்கிய நாலில் இரண்டு பராக்கிரமபாகு. அவையும் பழசுதான், எண்ணூறு வருஷத்துக்கு மேல். ஆனால் கேட்டது வேறு, வந்தது வேறு.

அடித்த காசுக்கும் வார்த்த போலிக்கும் வித்தியாசம் லென்சில் தெரிந்துவிடும். அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், தகடு அடி தாங்காமல் விளிம்பில் வெடித்திருக்கும், உருவம் நடுவில் விழாமல் ஒருபக்கம் ஒதுங்கிப் பாதித் தலை காசுக்கு வெளியே போயிருக்கும். வார்ப்புப் போலியில் எழுத்து தேய்ந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கும். மேற்பரப்பில் குண்டூசி குத்தின மாதிரி துளைகள். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடு, அல்லது அதை அரத்தால் ராவின தடம். இன்னொன்று, ஒரே ஆளிடம் இருக்கும் இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கையால் அடித்த காசில் இரட்டைப் பிள்ளை பிறக்காது.

நிறம் ஊருக்கு ஊர் மாறும். மண்ணில் கிடந்தது பச்சை. ஆற்று மணலில் உருண்டது கருத்து, பழுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். மேட்டூரை ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறக்கும் வரை ஆறு காய்ந்து கிடக்கும்போது மணலைச் சலித்துப் பார்ப்பவர்கள் முன்பெல்லாம் இங்கே இருந்தார்கள். பச்சை உண்மையா என்று பார்க்க, ஈரப் பஞ்சால் ஒரு ஓரத்தில் அழுத்தித் துடைத்தால் போதும். பஞ்சில் பச்சை வழிந்து வந்தால் அது சாயம்.

தயவு செய்து அதற்கு மேல் சுத்தம் செய்ய வேண்டாம். என்னிடம் இருந்ததிலேயே நல்ல காசு ஒன்றை, மூன்று வரியும் முழுசாகத் தெரியும், பூஜை அறையில் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி விளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபளவென்று புதுச் செம்பு மாதிரி வந்தது. எழுத்தின் பள்ளத்தில் ஆயிரம் வருஷமாக உட்கார்ந்திருந்த கருப்பு போனதும் எழுத்தும் கூடவே போய்விட்டது. அவளைச் சொல்லி என்ன, சொல்லி வைக்காதது என் தப்பு. பிவிசி கவரில் போட்டு வைப்பதும் கூடாது. நாளாக நாளாகப் பிசுபிசுவென்று பச்சை கக்கும். அட்டை ஹோல்டரே நல்லது.

இடையில் அவன் ஒன்று கேட்டான். "கல்வெட்டுல காசு காசுன்னு வருதே மாமா, அது இதுதானா?" இல்லை. பெரிய கோயில் கல்வெட்டில் வட்டிக்குக் கொடுத்த காசு பொன் காசு. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய தனிநபர் கடன் வட்டிக்குக் கிட்டத்தட்ட அதே ரேட். நம் கையில் இருக்கும் செம்பு அந்தக் காலத்துச் சில்லறை. வெற்றிலை பாக்குக் கடை அளவில் கை மாறியிருக்கும். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது. பொன் காசு ஆசை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெளியில் அந்தப் பெயரில் வருவதில் போலி நிறைய.

'ராமர் பட்டாபிஷேகக் காசு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று ஒன்றும் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் கறக்கும் கும்பல்களுக்கு அதுதான் முதலீடு. போனில் அவன் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று இருந்தது!

சரி, சட்டத்தில் காசு எங்கே நிற்கிறது? கட்டாயப் பதிவுப் பட்டியலில் காசு இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு வருஷம் கடந்தால் அதுவும் தொல்பொருள்தான். உரிமம் உள்ள வியாபாரியிடம் பில்லோடு வாங்குவது நல்லது. வயலில் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால் கதை வேறு. 1878லிருந்து இருக்கும் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 'எங்க கொல்லையில கிடைச்சது சார், இன்னும் நாப்பது இருக்கு' என்று சொல்லி விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

அவனுக்கு இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. 350 ரூபாய்க் காசாக இருந்தாலும் கூடாது. சிங்கப்பூர் ஹாலுக்கு ராஜராஜன் காசு போக முடியாது.

"அப்ப என்னதான் மாமா எடுத்துட்டுப் போறது?"

நாலாவது வழி அதற்குத்தான். பழசு என்று சொல்லிக்கொள்ளாத பொருள்கள். 2010ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறது. அதே விழாவுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமும் அடித்தார்கள். 35 கிராம், நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, 44 மில்லிமீட்டர் அகலம். புழக்கத்துக்கு இல்லை, சேகரிப்பவர்களுக்காக நாணயச் சாலை விற்றது. இப்போது வெளியில் சில ஆயிரம் ஆகும். 1954ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டிலும் தஞ்சைக் கோயில்தான். 1978ல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், அதனால் மிஞ்சியதற்கு நல்ல விலை. அதில் கலர் ஜெராக்ஸ்களும் உலவுவதால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஹாலில் கண்ணுக்கு நிறைவாக ஒன்று வேண்டும் என்றால் சுவாமிமலை பத்து நிமிஷ தூரம். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கும் அதே சோழர் கால முறையில் இன்றும் செய்கிறார்கள். பட்டறையிலேயே பில் தருவார்கள். பழசு மாதிரி நிறம் ஏற்றாமல் வாங்குவது நல்லது. வெளிநாடு கொண்டுபோகும்போது இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் தொந்தரவு இருக்காது. பெட்டியில் நடராஜரைப் பார்த்ததும் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

கணக்குப் போட்டால், சிலைக்கு வழியே இல்லை. சரபோஜி பொருளில் அழகு இருக்கிறது, பெயர் இல்லை. புதுப் பொருளில் பெயர் இருக்கிறது, காலம் இல்லை. பெயரும் காலமும் சேர்ந்து, இருபத்தைந்தாயிரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூடச் செலவாகாத ஒன்று காசுதான், ஊரை விட்டுப் போகாது என்ற ஒரு குறையோடு.

அவன் நேரம் எடுத்துக்கொண்டான். போனில் டார்ச்சைப் போட்டு, காசைப் பக்கவாட்டில் சாய்த்து சாய்த்துப் பார்த்தான். ஐந்தில் மூன்றை ஒரு பக்கம் நகர்த்தினான். "இது மூணும் ராஜ ராஜ. இது ரெண்டும் வேற யாரோ." சரியாகத்தான் சொன்னான். அந்த மூன்றில் எழுத்து நன்றாக விழுந்த ஒன்றை, தலை பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை என்று அவனே எடுத்துக்கொண்டான். பணம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, 350 ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டுப் போனான். ஹோல்டரில் எடை 3.9 கிராம் என்றும், தேதியும், என்னிடம் வாங்கியது என்றும் எழுதிக் கொடுத்தேன். சிங்கப்பூருக்கு சுவாமிமலையில் வாங்கிய ஒரு அடி நந்தியும், என் டப்பாவில் இரண்டாகக் கிடந்ததில் ஒரு 2010 ஐந்து ரூபாய் நாணயமும் போயின.

காசு அக்காவிடம் இருக்கிறது. ராஜராஜன் காசு என்று சொன்னதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராக சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தாளாம். அவன் விமானம் ஏறியது ஒரு வியாழக்கிழமை. அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டு, நாளைக்கு விளக்குத் தேய்க்கும்போது அதை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிடச் சொன்னேன்.